கல்விக்கடன் வாங்கலாமா? – கடிதம்

அன்புள்ள அக்கா,

எங்களுக்குக் கன்னியாகுமரி மாவட்டத்தில் குலசேகரம் பக்கம். அப்பா ரப்பர் பால்வெட்டுக்குப் போகிறார். அரசு உதவிபெறும் பள்ளியில் தமிழ்வழியில் படித்தேன். கவுன்சிலிங்கில் கோயம்புத்தூரில் ஒரு பொறியியல் கல்லூரி கிடைத்திருக்கிறது. ஃபீஸ், ஹாஸ்டல் எல்லாம் சேர்த்து வருஷத்துக்கு ஒரு லட்சம் ஆகும். என் கூடப்பிறந்த அக்கா ஏற்கெனவே டிகிரி முடித்துவிட்டதால் முதல் பட்டதாரி சலுகை எனக்குக் கிடையாது. கல்விக்கடன் கேட்டு வங்கிக்குப் போனோம். "நிரந்தர வருமானம் இல்லையே" என்று மேனேஜர் அனுப்பிவிட்டார். பக்கத்து வீட்டு அண்ணன், "வேற பேங்க்ல கேளு, ஏழரை லட்சம் வரை ஈடு இல்லாம தருவான், முழுசா வாங்கிரு" என்கிறார். அப்பாவோ, "உன் தலையில கடன் வேண்டாம், அம்மா மாலைய அடகு வைக்கேன்" என்கிறார். நான் என்ன செய்ய?

ஒரு வாசகி

அன்புள்ள மக்ளே,

கடன் வாங்கு. ஆனால் ஏழரை லட்சம் வாங்காதே. அம்மாவின் மாலை அம்மாவின் கழுத்திலேயே கிடக்கட்டும்.

அப்பாவின் பயம் எனக்குப் புரிகிறது. ஜூன் மாதம் மழை பிடித்தால் வெட்டு நிற்கும். கல்லூரிக்குப் பணம் கட்டவேண்டியதும் அதே நாட்களில்தான். அந்த நேரத்தில் கைக்கு எட்டுவது நகை ஒன்றுதான். ஆனால் நகைக்கடனை ஒரு வருஷத்துக்குள் வட்டியோடு திருப்ப வேண்டும், அல்லது வட்டியைக் கட்டிப் புதுப்பிக்க வேண்டும். உனக்கு இன்னும் மூன்று வருஷப் படிப்பு பாக்கி இருக்கும்போதே அது அப்பாவின் கழுத்தைப் பிடிக்கும். கல்விக்கடன் அப்படியல்ல. படிப்பு முடிந்து ஒரு வருஷம் வரை தவணை கிடையாது. இந்த வித்தியாசத்தை அப்பாவிடம் நீயே உட்கார்ந்து சொல்.

என் கதையையும் சொல்கிறேன். 2007-ல் நானும் கல்விக்கடனில்தான் படித்தேன். அம்மா தக்கலைப் பக்கம் சாயாக்கடை வைத்திருந்தாள். ஆறு தடவை நடந்தபிறகு ஒருநாள் வங்கியில் ஒரு கட்டுக் காகிதத்தை எடுத்து வைத்தார்கள். பென்சிலால் பெருக்கல் குறி போட்ட இடங்களிலெல்லாம் நானும் அம்மாவும் கையெழுத்துப் போட்டோம். அம்மாவின் கையெழுத்து ஒவ்வொரு தாளிலும் ஒவ்வொரு மாதிரி விழுந்தது. என்ன எழுதியிருக்கிறது என்று அவளும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. பணம் வந்ததே பெரிது என்றிருந்தோம். ஐந்து வருஷம் கழித்து வங்கியிலிருந்து வந்த கடிதத்தை அம்மா அரிசிப்பானை மூடிக்கு அடியில் வைத்திருந்தாள், நான் ஊருக்கு வரும்வரை யாரிடமும் காட்டாமல். நாங்கள் வாங்கியதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வட்டியாக ஏறியிருந்தது. யாரும் எங்களை ஏமாற்றவில்லை, எல்லாம் அந்தக் காகிதத்தில் இருந்ததுதான். நாங்கள் படிக்கவில்லை, அவ்வளவுதான்.

உன் கணக்கைப் பார். வருஷம் ஒரு லட்சம் வீதம் நாலு லட்சம், வட்டி 10 சதவீதம் என்று வைத்துக்கொள். படிக்கும் காலத்துக்குத் தனிவட்டிதான். முதல் வருஷம் எடுத்த லட்சத்துக்கு ஐந்து வருஷ வட்டி 50,000. அடுத்ததற்கு 40,000, பிறகு 30,000, பிறகு 20,000. தவணை தொடங்கும் நாளில் நீ கட்டவேண்டியது 5,40,000. பத்து வருஷத்தில் அடைக்க மாதம் 7,100 சொச்சம். பக்கத்து வீட்டு அண்ணன் சொல்லும் ஏழரை லட்சத்தை இதே கணக்கில் போட்டால் பத்து லட்சத்தைத் தாண்டும், மாதத் தவணை 13,000-க்கு மேல். முதல் வேலையில் 20,000 சம்பளம் என்றால் கையில் என்ன மிஞ்சும்? ஃபீஸ் நேராகக் கல்லூரிக்குத்தான் போகும். மிச்சம் பிடித்து வீட்டுக்குச் செலவழிக்கலாம் என்ற பேச்சே தப்பு.

இதில் ஒரு விஷயத்தைப் பலரும் கவனிப்பதில்லை. நாலு லட்சத்துக்கு அனுமதி கிடைத்தால் நாலு லட்சமும் எடுத்துத்தான் ஆகவேண்டும் என்றில்லை. பணம் வருஷா வருஷம், கல்லூரி தரும் ரசீதைப் பார்த்துத்தான் விடுவார்கள். ஏதாவது உதவித்தொகை கிடைத்த வருஷம், அவ்வளவையும் குறைத்து எடு. நாலு லட்சம் வரைக்கும் நம் பங்காகப் போடவேண்டிய பணமும் கிடையாது, ஈடும் கிடையாது. அப்பாவோ அம்மாவோ உன்னோடு சேர்ந்து கையெழுத்துப் போட்டால் போதும்.

அடுத்தது வட்டி மானியம். குடும்ப வருமானம் நாலரை லட்சத்துக்குள் இருந்து, கல்லூரிகளின் தரத்தைப் பார்க்கும் நாக் அல்லது என்.பி.ஏ. அமைப்பின் அங்கீகாரமுள்ள இடத்தில் தொழிற்கல்வி படித்தால், படிக்கும் காலத்து வட்டியை மத்திய அரசே கட்டும். உன் கல்லூரி இதில் வருகிறதா என்று அட்மிஷன் அன்றே கேள். தாசில்தாரின் வருமானச் சான்றிதழுக்கு இ-சேவை மையத்தில் இப்போதே எழுதிப் போடு, அது இல்லாமல் எதுவும் நகராது. 2024 நவம்பரில் பிரதமர் வித்யாலட்சுமி திட்டம் என்று ஒன்று வந்தது. அந்தத் திட்டத்தின் கல்லூரிப் பட்டியலில் உன்னுடையதும் இருந்தால் ஜாமீன்கூடக் கேட்க மாட்டார்கள்.

மானியம் கிடைக்காமல் போனாலும் ஒரு வழி உண்டு. புதுமைப்பெண் திட்டத்தில் உதவிபெறும் பள்ளிகளில் தமிழ்வழியில் படித்த பெண்பிள்ளைகளையும் 2024 டிசம்பரில் சேர்த்துவிட்டார்கள். மாதம் 1,000 ரூபாய் உன் கணக்குக்கு வரும். முதல் வருஷம் உன் கடனுக்கு வட்டி மாதம் 833 ரூபாய்தான். அந்த ஆயிரத்தைத் தொடாமல் அப்படியே கடன் கணக்கில் கட்டு. படிக்கும்போதே வட்டி கட்டினால் வட்டி விகிதத்தில் ஒரு சதவீதம் குறைக்கும் வங்கிகளும் உண்டு. இரண்டாம் வருஷம் மாத வட்டி 1,667 ஆகிவிடும், முழுதும் கட்ட முடியாது. முடிந்ததைக் கட்டு.

அந்த மேனேஜர் சொன்னதைப் பெரிதாக எடுக்காதே. வாயால் சொல்வது மறுப்பே ஆகாது. கல்விக்கடனுக்கான வித்யாலட்சுமி இணையதளத்தில் விண்ணப்பி, விண்ணப்ப எண்ணைக் குறித்து வை. மறுப்பதானால் காரணத்தை எழுத்தில் தரச் சொல். அப்படியும் நடக்காவிட்டால் மாவட்டத்து வங்கிகளை ஒருங்கிணைக்கும் முன்னோடி வங்கியின் மேலாளரைப் பார். நம் மாவட்டத்துக்கு அது இந்தியன் ஓவர்சீஸ் வங்கி. திங்கட்கிழமை நாகர்கோவில் கலெக்டர் ஆபீஸில் மனு கொடுக்கலாம். வெட்டும் எடுப்பும் முடிந்து அப்பா வரட்டும், இரண்டுபேரும் சேர்ந்தே போங்கள். கையெழுத்துக்குக் காகிதத்தை நீட்டும்போது, "சார், ஒரு அஞ்சு நிமிஷம், வாசிச்சிட்டுப் போடுதோம்" என்று சொல்லி, வட்டி விகிதம் எழுதிய இடத்தை அப்பாவுக்குச் சத்தமாகப் படித்துக் காட்டு. ஒரு பிரதி கேட்டு வாங்கிக்கொள். அது கைக்கு வந்ததும் எனக்கு எழுது, உன் வங்கி போட்டிருக்கும் வட்டியை வைத்து மறுபடி கணக்குப் பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
அக்கா