கடற்படையில் இருந்துவிட்டு பிறகு லாரி ஓட்டிய யாராவது உங்கள் குடும்பத்தில் உண்டா? அவரைப் பற்றி எது நினைவிருக்கிறது?

எங்க பெரியப்பா. 15 வருஷம் கப்பல், அப்புறம் 20 வருஷத்துக்கு மேல லாரி. போன மாசம் தவறிட்டாரு.

துக்கத்துக்கு வந்தவங்கல்லாம் யூனிஃபார்ம் போட்டோவைப் பாத்துட்டு எந்தச் சண்டைக்குப் போனாருன்னுதான் கேட்டாங்க, எங்களுக்கே தெரியாது. நாங்க கேட்டப்பல்லாம் "நான் இன்ஜின் ரூம்ல கெடந்தவன்டா, கடலையே சரியா பாக்கல"ன்னு சிரிச்சிடுவாரு. அந்த இன்ஜின் சத்தத்துல ஒரு காது மந்தம், அதனால அவர்கிட்ட ரகசியம் எதுவும் பேச முடியாது, தெருவுக்கே கேக்கும்.

எனக்கு ஞாபகம் வர்றது கயிறுதான். இன்ஜின் ஆளா இருந்தாலும் டிரெய்னிங்ல எல்லாருக்கும் முடிச்சு கத்துக் குடுப்பாங்களாம். லீவுல அவர் கூட லோடுக்குப் போவேன், தார்ப்பாய் போட்டு கட்டறப்ப நான் போட்டதெல்லாம் ஒண்ணு வழுக்கும், இல்லன்னா இறுகிப்போய் கத்தி வச்சு அறுக்கணும். அவரு பவ்லைன்னு ஒண்ணு போடுவாரு, எவ்ளோ இழுத்தாலும் வளையம் சுருங்காது, ஆனா லோடு இறக்கினதும் மேல லேசா நெம்பினா அவுந்துடும். கயிறு நடுவுல ஒரு கண்ணி விட்டு, நுனியை கீழ கொக்கில மாட்டி, திரும்ப அந்தக் கண்ணி வழியா இழுப்பாரு பாருங்க, கப்பி மாதிரி வேலை செய்யும், ஒல்லி மனுஷன் அவ்ளோ பெரிய லோடை இறுக்கிடுவாரு. "முடிச்சுன்னா போடவும் தெரியணும், அவுக்கவும் தெரியணும்"பாரு.

எறக்கத்துல என்ன அவசரம்னாலும் ஏறின கியர்லயேதான் இறங்குவாரு. பிரேக்கையே மிதிச்சுட்டு வந்தா டிரம் சூடேறி பிடிக்காமப் போயிடும், பின்னாடி லோடு தள்ளும். பின்னாடி வர்றவன் ஹாரன் அடிச்சா அந்த மந்தக் காதைக் காட்டிடுவாரு :)

குளிக்க அரை பக்கெட் போதும். நனைச்சுட்டு நிறுத்து, சோப்பு போடு, அப்புறம் தண்ணி, அது கப்பல் பழக்கம், அங்க நல்ல தண்ணியே கடல் தண்ணியில இருந்து தயாரிக்கறதுதானே.

தூக்கமும் கப்பல் கணக்குதான். அங்க 4 மணி நேரம் வாட்ச், அதாவது முறை வச்சு பாக்கற டியூட்டி, சாயங்காலம் 4லேர்ந்து 8 வரைக்கும் மட்டும் ரெண்டு ரெண்டா உடைச்சுடுவாங்க, அப்பதான் ஒரு நாளைக்கு ஒத்தப்படையா 7 வாட்ச் வரும், முறை மாறிக்கிட்டே இருக்கும், தினம் ஒரே ஆளு ராத்திரி 12 மணி வாட்ச்ல மாட்டமாட்டான். லாரியில அவருக்கு மாத்து டிரைவரே கிடையாது, ஆனாலும் 4 மணி நேரம் ஓட்டினா ஓரங்கட்டிடுவாரு, ஓனர் எவ்ளோ கத்தினாலும் சரி.

கடைசியில ஆஸ்பத்திரியில ராத்திரி நானும் தம்பியும் மாத்தி மாத்தி இருந்தோம். 12 மணிக்கு மேல நான். அப்பல்லாம் அவருக்கு ஆளே சரியா அடையாளம் தெரியல. ஒருநாள் விடியக்காலம் திடீர்னு கண்ணைத் தொறந்து, சுவர் கடிகாரத்தைப் பாத்துட்டு சொன்னாரு, "நாலாச்சு, அடுத்தவனை எழுப்பிட்டு நீ போய்ப் படு."