மழைக்காலத்தில் கசியும் தண்ணீர் டேங்க்

கேள்வி: திருநெல்வேலி பேட்டையில் வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறேன். டிராக்டரில் இழுக்கும் தண்ணீர் டேங்க் செய்கிறோம். தகடு 4 மி.மீ., வெல்டிங் ராடு 6013 ரகம். ஐப்பசி மழை தொடங்கியதிலிருந்து வெல்டிங்கில் ஊசித்துளை விழுந்து கசிகிறது. மேலே இன்னொரு முறை வெல்டிங் வைத்தால் பக்கத்தில் கசிகிறது. என்ன செய்வது?

பதில்: மழையோடு கோளாறும் தொடங்கியது என்று நீங்களே எழுதிவிட்டீர்கள், பாதி விடை அதில் இருக்கிறது. ராடின் மேற்பூச்சு காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். பிரித்த பாக்கெட்டிலிருந்து ஒரு ராடை எடுத்து வெளிச்சத்தில் பாருங்கள். பூச்சின் மேல் வெள்ளையாகப் பொடி பூத்திருந்தால் ஒதுக்கிவிடுங்கள், விலையைப் பார்க்காதீர்கள். இரண்டு ராடுகளைத் தட்டினால் கணீரென்று கேட்க வேண்டும். சத்தம் மந்தமாக இருந்தால் ஈரம் ஏறியிருக்கிறது. அந்த ஈரம் ஆர்க்கின், அதாவது ராடு நுனிக்கும் தகட்டுக்கும் இடையே எரியும் மின்பொறியின், சூட்டில் வாயுவாகிறது. உருகிய இரும்பு இறுகுவதற்குள் வெளியேற முடியாமல் சிக்கிக்கொள்ளும் வாயுதான் உங்கள் ஊசித்துளை.

6013 ராடை 100 முதல் 120 டிகிரி செல்சியஸில் ஒரு மணி நேரம் ஓவனில் உலர்த்தினால் போதும். பாக்கெட்டில் வேறு அளவு இருந்தால் அதன்படி செய்யுங்கள். 7018 என்ற வேறு ரக ராடுக்குக் கொடுக்கும் 300 டிகிரிச் சூடு இதற்கு ஆகாது. ராடைத் தகட்டில் ஒட்டவைத்துப் பழுக்கக் காய்ச்சும் வழக்கம் உங்கள் பட்டறையில் இருந்தால் இன்றே நிறுத்துங்கள். பூச்சு வெடித்து உதிர்ந்துவிடும்.

இணைப்பின் இருபுறமும் இரண்டு விரல் அகலத்துக்குத் துரு, எண்ணெய், பெயின்ட் எதுவும் இருக்கக் கூடாது. காலையில் தகட்டில் படிந்திருக்கும் ஈரத்தையும் துடைத்துக் காயவையுங்கள். ஆர்க்கின் நீளம் ராடின் கம்பிக் கனத்தைத் தாண்ட வேண்டாம்.

கசிவின் மேல் வெல்டிங் வைப்பதுதான் பெரிய தவறு. அடியில் துளை அப்படியே கிடக்க, வாயு பக்கத்தில் வழி தேடுகிறது. கிரைண்டரால் துளை மறையும்வரை, நல்ல இரும்பு தெரியும்வரை தோண்டியெடுத்த பிறகே மறுபடி வெல்டிங் வையுங்கள்.

பெயின்ட் அடிக்குமுன் சோதித்துவிடுங்கள். வெளிப்புறம் வெல்டிங் மீது சுண்ணாம்புக் கட்டியைக் கரைத்துப் பூசி உலரவிட்டு, உட்புறம் மண்ணெண்ணெய் தடவுங்கள். தண்ணீர் நுழையாத துளையிலும் மண்ணெண்ணெய் நுழையும். வெள்ளைப் பூச்சில் ஈரப்பொட்டு தெரியும். அந்த இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். ஆனால் மண்ணெண்ணெயை முழுவதும் சோப்பு நீரால் கழுவி, டேங்கைத் திறந்து நன்றாகக் காற்றாடவிடாமல் ஒருபோதும் ஆர்க் அடிக்காதீர்கள். மூடிய டேங்குக்குள் தங்கும் ஆவி தீப்பிடித்தால் உள்ளே இருப்பவர் வெளியேற நேரம் இருக்காது.