மன்னார் முருங்கன் களிமண்ணில் அருமண் உலோகங்கள் (rare earths, காந்தம், மின்னணுப் பொருட்களுக்குத் தேவையானவை) கிடைக்குமா?

களி எப்படி உண்டானது என்பதை முதலில் பாருங்கள். தென் சீனாவின் ஜியாங்ஷியில் கிரனைட் பாறை நின்ற இடத்திலேயே உக்கிக் களியானது. அதில் அருமண் 0.05 முதல் 0.2 வீதம்தான், ஆனால் களித் துகள்களின் மேற்பரப்பில் ஒட்டியிருப்பதால் அமோனியம் சல்பேற்று என்ற உப்பின் கரைசலிலேயே கழன்றுவிடும்.

காங்கேசன்துறைச் சீமெந்துக்குப் போன முருங்கன் களி நீர் கொண்டுவந்து படியவைத்தது. சுண்ணாம்பு கலந்தது, அது கரைசலின் அமிலத்தன்மையைக் குறைக்க, கழன்ற உலோகமும் மீண்டும் படிந்துவிடும். ஆகவே அங்கே எனக்கு நம்பிக்கை குறைவு.

வன்னியில் தேடுவதென்றால் குளத்தடியை விட்டு, மேட்டில் பாறை உக்கிய இடத்தைப் பிடியுங்கள். ஆய்வுக்கு முன் சுரங்கப் பணியக அனுமதி வேண்டும். கைத்துளைப்பானால் பாறை தட்டும்வரை இறங்கி, மீற்றருக்கு அரைக் கிலோ மாதிரி எடுங்கள். மேல்மண் மட்டும் போதாது. மழை அருமண்ணைக் கீழே இறக்கியிருக்கும்.

மொத்த அளவை மட்டும் சோதித்து ஏமாறாதீர்கள். புல்மோட்டை மணலிலுள்ள மொனசைற்று போன்ற, அருமண்ணை உள்ளே இறுக்கி வைத்திருக்கும் கனிம மணிகள் களியில் இருந்தாலும் மொத்தம் உயரும். உப்புக்கரைசலில் அவை அசையாது. எனவே உப்புக்கரைசலில் எவ்வளவு கழல்கிறது என்ற கரைசற் சோதனையையும் கேளுங்கள். உலோகத்தைப் பிரிக்க நிலத்துக்குள் அமோனியம் சல்பேற்றுச் செலுத்தினால் அது கிணற்றுநீரில் சேரும். குடிக்கக் கிணற்றையே நம்பியிருக்கும் ஊர்களில் அதற்கு நான் உடன்படமாட்டேன்.