சாணி அள்ளப் போகலாமா என்று கேட்ட தங்கைக்கு

கண்டனூரிலிருந்து ஒரு தங்கை கேட்டிருக்கிறார்: "அக்கா, அழகப்பா பல்கலைக்கழகத்தில் எம்.எஸ்சி. மைக்ரோபயாலஜி முடித்தேன். நெதர்லாந்தில் வாகனிங்கன் ஊரில், கால்நடைக் குடல் நுண்ணுயிர் ஆராய்ச்சிக் குழுவில் லேப் டெக்னீஷியன் வேலை வந்திருக்கிறது. எம்.எஸ்சி. படித்துவிட்டு மாட்டுச்சாணி அள்ளவா அவ்வளவு தூரம் என்று வீட்டில் கேட்கிறார்கள். போகலாமா? அங்கிருந்து பிஎச்.டி. போக முடியுமா?"

போகலாம். சாணியும் அள்ளத்தான் வேண்டும். நான் இதே வேலையில்தான் அங்கே பல வருடமாக இருக்கிறேன். இப்போது லீவில் காரைக்குடி வந்திருப்பதால், உன் வீட்டில் இந்தக் கேள்வி எந்தக் குரலில் வந்திருக்கும் என்று நன்றாகவே தெரிகிறது.

முதலில் வேலையைச் சொல்கிறேன். மாட்டின் முதல் இரைப்பை நூறு லிட்டருக்கு மேல் கொள்ளும். உள்ளே சுமார் 39 டிகிரி சூடு, ஆக்ஸிஜன் கிட்டத்தட்ட இல்லை. பாக்டீரியா, பூஞ்சை, ஓரணு உயிரிகள், மீத்தேன் வாயு உண்டாக்கும் ஆர்க்கியா (பாக்டீரியா மாதிரித் தெரியும் வேறு வகை நுண்ணுயிர்) எல்லாம் அங்கே குடியிருக்கின்றன. தீவனத்தை மாற்றினால் அந்தக் கூட்டம் எப்படி மாறுகிறது, மீத்தேன் குறைகிறதா என்பதெல்லாம்தான் ஆராய்ச்சி. சில மாடுகளுக்கு விலாப் பக்கம் அறுவை செய்து ரப்பர் மூடி போட்டிருப்பார்கள். அதைத் திறந்து கையை விட்டு உள்ளே இருப்பதைச் சோதனை மாதிரியாக (சாம்பிள்) எடுக்க வேண்டும். சிராவயல் மஞ்சுவிரட்டு பார்த்து வளர்ந்த எனக்கே முதலில் பார்த்தபோது வயிற்றைப் பிசைந்தது. மாடு பாட்டுக்கு நின்று அசை போட்டுக்கொண்டிருக்கும்.

வெளியே எடுத்த நிமிடத்திலிருந்து அவசரம்தான். காற்றுப் பட்டால் சில செத்துப்போகும், அறைச் சூட்டில் சில பெருகிவிடும். உலர் பனிக்கட்டியிலோ திரவ நைட்ரஜனிலோ உடனே உறைய வைத்து, மைனஸ் 80 ஃப்ரீசருக்குக் கொண்டுபோக வேண்டும். ஒரு தடவை உருகி மறுபடி உறைந்த மாதிரியை நான் நம்ப மாட்டேன். அப்புறம், எந்தெந்த நுண்ணுயிர் இருக்கிறது என்று பார்க்க டி.என்.ஏ. பிரிப்பது. குட்டி மணிகளைப் போட்டுக் குலுக்கிச் செல் சுவரை உடைப்போம். சில பாக்டீரியாவுக்குச் சுவர் தடிமன். குலுக்கும் நேரம் ஆளுக்கு ஆள் மாறினால், மாட்டில் இல்லாத வித்தியாசம் முடிவில் முளைக்கும். தீவனம் மாற்றிய மாடுகளின் மாதிரிகளை எல்லாம் ஒரு சோதனைத் தட்டிலும் மாற்றாதவற்றின் மாதிரிகளை இன்னொரு தட்டிலும் வைத்தாலும் அதே கதி. கலந்து வை.

எனக்குப் பிடித்த குழாய், மாதிரியே போடாத வெறும் குழாய்தான். எல்லாப் படியையும் அதற்கும் செய்வோம். டி.என்.ஏ. பிரிக்கக் கடையில் வாங்கும் கிட்டின் (தயார் ரசாயனப் பெட்டி) திரவங்களிலேயே பாக்டீரியா டி.என்.ஏ. இருக்கும். சாணியில் நுண்ணுயிர் ஏராளம், அதனால் அது பெரிதாகத் தெரியாது. பால், நுரையீரல் கழுவிய நீர் போன்ற நுண்ணுயிர் குறைந்த மாதிரிகளில், நீ பார்ப்பது மாட்டுடையதா கிட்டுடையதா என்று அந்த வெறும் குழாயை வைத்துத்தான் சொல்ல முடியும். எலியில் வேறு சிக்கல். ஒரே கூண்டில் இருப்பவை ஒன்றின் புழுக்கையை ஒன்று தின்னும், குடலும் ஒன்றுபோல் ஆகிவிடும். எந்த எலி எந்தக் கூண்டு என்று குறிக்காவிட்டால் பிறகு கணக்கே போட முடியாது. இதையெல்லாம் செய்வது பேராசிரியர் இல்லை. நீதான்.

நம் செட்டியார்கள் கொண்டுவிக்க, அதாவது கடல் கடந்து தொழில் செய்யப் போன காலத்தில் ரங்கூன் கடையில் மேலாளுக்குக் கீழே அடுத்தாள் இருந்தார் இல்லையா, கடைக் கணக்கு அவர் கையில் இருந்தது. டெக்னீஷியன் ஏறக்குறைய அந்த இடம். வீட்டில் இப்படிச் சொல்லிப்பார், செட்டிநாட்டில் எடுபடும்.

நம் பிள்ளைகள் தடுமாறுவது வேலையில் இல்லை, வாயைத் திறப்பதில். "இந்த ரேக்கில் உள்ள மாதிரிகள் உருகிவிட்டன, பயன்படாது" என்று பிஎச்.டி. மாணவரிடமும் பேராசிரியரிடமும் நேராகச் சொல்ல வேண்டும். டச்சுக்காரர்கள் அதைத் திமிராக எடுத்துக்கொள்வதில்லை, சொல்லாமல் இருந்தால்தான் கேள்வி வரும். மரியாதைக்காகத் தலையாட்டுகிற பழக்கத்தைக் கொஞ்சம் விட்டுவிடு.

நேர்காணலில் இதைக் கேள்: விலங்கைக் கொன்று மாதிரி எடுக்கும் சோதனைகள் உண்டா? சாணிக்குக் கொல்ல வேண்டாம். கோழியின் குருட்டுக்குடல், பன்றியின் சிறுகுடல் என்றால் பெரும்பாலும் கொன்றுதான் எடுப்பார்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2010 சட்டப்படி பயிற்சி பெற்றுத் தேறியவர்கள்தான் விலங்கில் கை வைக்கலாம், அந்தப் பயிற்சியை யார் ஏற்பாடு செய்வார்கள் என்றும் கேள். உனக்கு ஒப்பாது என்றால் முதலிலேயே சொல்லிவிடு, லேப் பக்கம் மட்டும் பார்க்கிற இடங்களும் உண்டு. எலி அறையில் வேலை என்றால் மாஸ்க்கை விடாதே. எலி மூத்திரத்தில் உள்ள புரதத்தால் அலர்ஜி வந்து ஆஸ்துமாவில் முடிந்தவர்கள் உண்டு. தும்மல் தொடங்கினால் மறைக்காமல் சொல்லிவிடு.

பிஎச்.டி. விஷயம். டெக்னீஷியனாகச் சேர்ந்தால் தானாகக் கிடைக்கும் என்று யாராவது சொன்னால் நம்பாதே. அங்கே பிஎச்.டி. என்பது சம்பளத்தோடு வரும் வேலை, பொதுவாக நாலு வருடம், விளம்பரம் பார்த்து விண்ணப்பிக்க வேண்டும். உன் கைவேலை தெரிந்தவர்கள் பரிந்துரைப்பார்கள், அவ்வளவுதான். ஆனால் பிஎச்.டி. முடித்துவிட்டு அடுத்த இடம் தேடி ஊர் ஊராக அலைகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். நல்ல டெக்னீஷியனை எந்தக் குழுவும் லேசில் விடாது.

விடாது என்றாலும் பணம் இருக்க வேண்டும். சம்பளம் பெரும்பாலும் ஒரு திட்டத்தின் நிதியிலிருந்து வரும். பொதுச் சட்டப்படி தற்காலிக ஒப்பந்தம் அடுத்தடுத்து மூன்று தடவை, மொத்தம் மூன்று வருடம் வரைதான். அதற்குமேல் வைத்துக்கொண்டால் நிரந்தரம். அதனால் திட்டம் எப்போது முடிகிறது என்று வெட்கப்படாமல் கேள். விசாவுக்குச் சம்பள வரம்பு உண்டு, வருடாவருடம் மாறும், 30 வயதுக்குக் கீழே என்றால் குறைவு. டெக்னீஷியன் சம்பளம் அந்த வரம்பைத் தொடுகிறதா என்று வேலை கொடுப்பவரிடமே எழுத்தில் வாங்கிக்கொள். சம்பளத்துக்கு மேல் 8 சதவீதம் விடுமுறைப் படி உண்டு, வழக்கமாக மே மாதம் வரும்.

ஊர் சின்னது. வாகனிங்கனுக்கு ரயில் நிலையம் இல்லை, ஏடேயில் இறங்கிப் பஸ் பிடிக்க வேண்டும். சைக்கிள் ஓட்டத் தெரியாவிட்டால் இப்போதே பழகு. மதியச் சாப்பாடு அவர்களுக்கு ரொட்டியும் சீஸும், நீ சோறு கொண்டுபோனால் யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள்.

கிளம்பும் முன் பிறப்புச் சான்றிதழை எடுத்துப் பார். நம் பக்கம் பல பேருக்குக் குழந்தையின் பெயர் இருக்கும் இடம் காலியாகவே இருக்கும். பெயரைச் சேர்த்து வாங்கி, அப்போஸ்டில் முத்திரையும் (வெளிநாட்டில் செல்லுபடியாக நம் அரசு தரும் சான்று) போட்டுக்கொள். அங்கே நகராட்சியில் பதிவு செய்ய அதைக் கேட்பார்கள். அலைச்சல் வேலை, டிக்கெட் போடுவதற்கு முன்பே தொடங்கிவிடு.