மூச்சை விட்ட பிறகு காற்று தீர்ந்தால், எதை ஊதிக்கொண்டு மேலே வருவது?

கேள்வி: ஸ்கூபா முக்குளிப்பில் அடிப்படைச் சான்றிதழ் பெற்றிருக்கிறேன். ஆழத்தில் காற்று தீர்ந்துவிட்டால் மூச்சை வெளியே விட்டபடி மேலே வர வேண்டும் என்கிறார்கள். ஆனால் மூச்சை விட்டுவிட்டு அடுத்ததை இழுக்கும்போதுதானே காற்று இல்லை என்பதே தெரியும்? அப்போது விடுவதற்கு என்ன மிச்சம் இருக்கும்? 18 மீட்டரில் இப்படி நடந்தால் உடன் வந்தவரிடம் போவதா, மேலே போவதா?

பதில்: பயிற்சியில் பலருக்கும் தோன்றி, கேட்கத் தயங்கி விழுங்கிவிடும் கேள்வி இது.

இயல்பாக மூச்சை விட்ட பிறகும் நுரையீரலில் ஏறக்குறைய 2 லிட்டர் காற்று தங்கியிருக்கும். 18 மீட்டரில் அழுத்தம் மேற்பரப்பில் உள்ளதைப்போல் 2.8 மடங்கு. அதே 2 லிட்டர், நீங்கள் மேலே வந்து சேரும்போது ஐந்தரை லிட்டருக்கு மேல் விரியும். விடுவதற்கான காற்று வழியிலேயே உண்டாகிக்கொண்டிருக்கிறது என்பதுதான் விடை. அதைப் பிடித்து வைத்தால் நுரையீரல் கிழியும், குமிழிகள் ரத்தத்தில் கலந்து மூளைவரை போகும். எனவே தொடக்கத்திலேயே எல்லாவற்றையும் ஊதித் தள்ளாமல், 'ஆ' என்று மெல்லிய ஒலி எழுப்பி, சிறு குமிழிகளாக இடைவிடாமல் விட்டுக்கொண்டே வாருங்கள்.

சிலிண்டர் காற்றை வாய்க்குத் தரும் ரெகுலேட்டரை வாயிலிருந்து எடுக்காதீர்கள். கீழே எதுவும் தராத சிலிண்டர், ஏறும்போது சுற்றியுள்ள நீரின் அழுத்தம் குறைவதால் ஓரிரு மூச்சு தரக்கூடும். இழுத்துப் பாருங்கள்; வந்தால் லாபம்.

ஆனாலும் 18 மீட்டரில் இது முதல் வழி அல்ல. தனியாக நீந்தி ஏறும் இந்த முறை ஏறத்தாழ 9 மீட்டர் ஆழம்வரைக்கும்தான் பொருந்தும் என்றே பயிற்சியில் சொல்லிக்கொடுக்கிறார்கள். நிமிடத்துக்கு 18 மீட்டர் என்ற வேகத்தில் ஏறினாலும் முழுதாக ஒரு நிமிடம் ஆகும். உடன் வந்தவர் இரண்டு, மூன்று மீட்டரில் இருந்தால் நாலைந்து துடுப்பு உதைகளில் அவரிடம் காற்று கிடைக்கும். அவரே 15 மீட்டர் தள்ளி, உங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பவளத்தைப் படமெடுத்துக்கொண்டிருந்தால்? காற்று இருக்கும்போதே அந்த இடைவெளியைக் குறைத்திருக்க வேண்டும். இதில் நான் கொஞ்சம் கறார்.

அவரை அடைந்ததும் கையைத் தட்டையாக வைத்துக் கழுத்தை அறுப்பதுபோல் சைகை காட்டுங்கள். அவருடைய மாற்று ரெகுலேட்டரை, அதாவது ஆக்டோபஸை, வாங்கி வாயில் வைத்தால் உள்ளே தண்ணீர்தான் இருக்கும். வழக்கமாக ஊதி வெளியேற்றுவீர்கள். இப்போது ஊத மூச்சு போதாமல் போகலாம். ஆகவே நாக்கால் தண்ணீரை மறித்துக்கொண்டு, நடுவில் உள்ள பொத்தானை அழுத்துங்கள்; சிலிண்டர் காற்றே தண்ணீரைத் தள்ளிவிடும். பதற்றத்தில் இருப்பவர் ஆக்டோபஸைத் தேடாமல் எதிரில் இருப்பவரின் வாயில் உள்ளதையே பிடுங்குவதும் உண்டு. கொடுப்பவர் அதற்கும் தயாராக இருப்பது நல்லது. ஒருவர் பட்டையை ஒருவர் பிடித்து, இரண்டு மூன்று மூச்சு நிதானமாக இழுத்த பிறகு ஏறத் தொடங்குங்கள். ஒரே சிலிண்டரை இருவர் உறிஞ்சுகிறீர்கள். அதில் போதிய காற்று இருந்தால் மட்டுமே 5 மீட்டரில் பாதுகாப்பு நிறுத்தம், அதாவது உடலில் கரைந்த நைட்ரஜன் வெளியேறச் சில நிமிடம் நிற்பது.

ஒரே ரெகுலேட்டரில் மாறி மாறி மூச்சு விடும் பழைய முறையை நான் பரிந்துரைப்பதில்லை. இருவரும் பழகியிருக்க வேண்டும், இருவரும் பதறாமல் இருக்க வேண்டும்; அந்த நேரத்தில் இரண்டும் சேர்ந்து அமைவது அரிது.

துணையும் இல்லை, நீந்திச் சேரவும் முடியாது என்றால் மூழ்குவதற்காகக் கட்டிய எடைகளைக் கழற்றிவிட்டு மிதந்து ஏறுவதே கடைசி வழி. வேகம் உங்கள் கையில் இருக்காது. அழுத்தக் குறைவு நோய், அதாவது வேகமாக ஏறும்போது உடலில் கரைந்த நைட்ரஜன் குமிழிகளாவதால் வருவது, வரக்கூடும். ஆனால் அதற்குச் சிகிச்சை உண்டு. கீழேயே மூழ்குவதற்கு இல்லை.

இன்னொன்று: சில சமயம் காற்று தீர்ந்திருக்காது, வால்வு சரியாகத் திறந்திருக்காது. குதிக்கும் முன் அழுத்தமானியைப் பார்த்தபடி நாலு மூச்சு ஆழமாக இழுங்கள். ஒவ்வொரு மூச்சுக்கும் முள் இறங்கி ஏறினால் வால்வைப் பாருங்கள்.

மேலே வந்ததும் மிதவைச் சட்டையில் காற்று நிரப்பும் பொத்தானை அழுத்திப் பயனில்லை, சிலிண்டர்தான் காலியாயிற்றே! வாயால் ஊதுங்கள், முடியாவிட்டால் எடைகளை விட்டுவிடுங்கள். அன்று மறுபடி இறங்க வேண்டாம். மரத்துப்போதல், மூட்டுவலி, தலைச்சுற்றல், நெஞ்சுவலி எதுவானாலும் உடனே ஆக்சிஜன் கொடுக்கச் சொல்லி மருத்துவரிடம் போங்கள்; 'காற்று தீர்ந்து வேகமாக ஏறினேன்' என்பதை முதலிலேயே அவரிடம் சொல்லிவிடுங்கள்.