அமெரிக்காவில் கௌபாய் துப்பாக்கிப் போட்டிக் கழகத்தில் சேரப் போகிறேன். என்ன பட்டப்பெயர் வைத்துக்கொள்ளலாம்?

'பிளாக் தண்டர்', 'டெத் ரைடர்' என்றெல்லாம் நண்பர்கள் சொல்வதாக எழுதியிருக்கிறீர்கள். தயவுசெய்து வேண்டாம். நீங்களும் என்னைப் போல வேலைக்காக இங்கே வந்து, சின்ன வயதில் படித்த கௌபாய் காமிக்ஸ் ஆசையில் இந்தப் பக்கம் திரும்பியவர் என்று நினைத்தே பதில் சொல்கிறேன்.

நீங்கள் சேரப் போவது கௌபாய் பாணித் துப்பாக்கிப் போட்டிகளுக்காக 1987-ல் தொடங்கிய சிங்கிள் ஆக்‌ஷன் ஷூட்டிங் சொசைட்டியின் கிளைக் கழகமாகத்தான் இருக்கும். அங்கே 19-ஆம் நூற்றாண்டின் கடைசிக் கால அமெரிக்க மேற்குக்குப் பொருந்துகிற ஒரு பெயர் கட்டாயம். ஒருவர் பதிந்ததை இன்னொருவர் எடுக்க முடியாது. சுடக் கூப்பிடுவதும் மதிப்பெண் எழுதுவதும் அந்தப் பெயரில்தான். வருடக்கணக்காகப் பழகியவர்களின் நிஜப் பெயரே எனக்குத் தெரியாது. அப்படி ஒட்டிக்கொள்ளும் பெயரை விளையாட்டாக வைக்கலாமா?

அந்தக் காலத்து ஆட்களைப் பாருங்கள். கொள்ளைக்காரர் ராபர்ட் லீராய் பார்க்கர் வயோமிங்கில் கசாப்புக் கடையில் வேலை பார்த்தார், கசாப்புக்காரர் என்ற பொருள் தரும் 'புட்சர்' சுருங்கி 'புட்ச்' ஆனார். இளவயதில் தன்னைப் பழக்கிய மைக் காசிடியின் பெயரையும் சேர்த்துக்கொண்டார், புட்ச் காசிடி. அவர் கூட்டாளி ஹாரி லாங்கபா குதிரை திருடி சன்டான்ஸ் என்ற ஊர்ச் சிறையில் இருந்தவர், அதனால் சன்டான்ஸ் கிட், அதாவது சன்டான்ஸ் பையன். துப்பாக்கிச் சண்டைக்குப் பேர்போன டாக் ஹாலிடே படித்துப் பட்டம் வாங்கிய பல் மருத்துவர், 'டாக்' என்பது டாக்டரின் சுருக்கம். இடி, மின்னல், சாவு எதுவும் இவர்கள் பெயரில் இல்லை. பார்த்த வேலையும் இருந்த ஊருமே பெயராகின.

என் பெயர் காங்கேயம் கிட். அப்பாரு, அதாவது என் தாத்தா, காங்கேயம் காளை வளர்த்தவர். கண்ணபுரம் சந்தைக்கு அவரோடு மாடு ஓட்டிப் போய் வளர்ந்தவன் நான். கழகத்தில் ஒரு பெரியவர், நல்ல மனிதர்தான், 'பாம்பே' என்று தொடங்கும் ஏதாவது வையேன், எல்லாருக்கும் புரியும் என்றார். நான் பம்பாயைப் பார்த்ததே இல்லை. சன்டான்ஸ் பெயராகலாம் என்றால் காங்கேயமும் ஆகலாம் என்று சொல்லிப் பதிந்தேன். அவர்கள் வாயில் நுழையாது என்று நம் ஆட்கள்தான் பயமுறுத்தினார்கள். இப்போது டைமர் பிடிப்பவர்கூடத் தெளிவாகக் கூப்பிடுகிறார். கேட்கும்போது அவ்வளவு பெருமையாக இருக்கிறது.

'வெள்ளைக்காரன் வேஷம் எதற்கு' என்று கேட்பவர்களுக்கு: கயிறு வீசுவது முதல் சேணம் வரை கௌபாய்த் தொழிலில் பெரும்பகுதி மெக்சிகோவின் வாகேரோக்கள் என்ற மாடு மேய்ப்பவர்களிடம் கற்றது. டெட்வுட் டிக் என்று தன்னை அழைத்துக்கொண்ட கௌபாய் நாட் லவ், 1854-ல் டென்னசியில் அடிமையாகப் பிறந்த கறுப்பர். துப்பாக்கிக் கலாச்சாரம் என்று திட்ட வருபவர்களுக்கும் சொல்லிவிடுகிறேன். நாங்கள் சுடுவது இரும்புத் தகடுகளை. பாதுகாப்புக் கண்ணாடி போடாமல் பக்கத்தில் நிற்கக்கூட விடமாட்டார்கள். எச்1பி என்ற வேலை விசாவில் இருந்தால் வேட்டை உரிமம் போன்ற விலக்கு இல்லாமல் துப்பாக்கியைத் தொடவே சட்டம் இடம் தராது. முதலில் வக்கீலைப் பாருங்கள், அப்புறம் பெயர்.

ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. இந்தப் பெயரைக் கேட்டு ஊரில் அதிகம் சிரித்தவர்கள் என் பங்காளிகள். அப்பாரு கிளுவை வேலி கட்டி, கொழுக்கட்டைப் புல்லும் வெள்வேல மரமுமாகக் காத்த கொறங்காட்டை, அதாவது மேய்ச்சல் நிலத்தை, அவர்கள்தான் வீட்டுமனையாக விற்றார்கள். மழை குறைந்த அந்த மண்ணில் மாடு பிழைத்ததே அந்தக் கொறங்காட்டால். மேய இடம் போனபின் மாட்டையும் விற்றார்கள். காளைப் படத்தை மட்டும் காரின் பின்கண்ணாடியில் ஒட்டியிருக்கிறார்கள். என்னால் அதைத் தாங்க முடியவில்லை.

சரி, உங்கள் பெயருக்கு வருவோம். உங்கள் ஊர், தாத்தாவின் தொழில், நீங்கள் முதலில் பார்த்த வேலை, இவற்றை எழுதிப் பாருங்கள். உப்பளம், தறி, செக்கு, தபால் வண்டி எல்லாம் அந்த நூற்றாண்டிலும் இருந்தவைதான். இரண்டு மூன்று பெயராவது தயாராக வையுங்கள், முதலாவதை யாராவது பதிந்திருக்கலாம். காதில் அடைப்பான் போட்டவருக்கும் கேட்கிற மாதிரி சின்னதாக இருக்கட்டும்.