பழைய 45: எது தேயும், எது தாங்கும்?

கேள்வி: என் கணவரின் தாத்தா இரண்டாம் உலகப் போரிலிருந்து கொண்டுவந்த எம்1911ஏ1 பிஸ்டல் (45 என்று அழைக்கப்படும் அமெரிக்க ராணுவக் கைத்துப்பாக்கி) எங்களிடம் இருக்கிறது. ரெமிங்டன் ராண்ட் செய்தது. கையில் எடுத்து ஆட்டினாலே கடகடவென்று சத்தம் வருகிறது. தேய்ந்துவிட்டது என்று அர்த்தமா?

அந்தச் சத்தத்தை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். போர்க்காலத்தில் கோல்ட், ரெமிங்டன் ராண்ட், இத்தாகா, யூனியன் ஸ்விட்ச் அண்ட் சிக்னல், சிங்கர் என்று ஐந்து கம்பெனிகள் இதைச் செய்தன. ஒருவர் செய்த ஸ்லைடு (சுடும்போது முன்னும் பின்னும் ஓடும் மேல்பாகம்) இன்னொருவர் செய்த ஃபிரேமில் (கைப்பிடியோடு சேர்ந்த அடிப்பாகம்) அரம் பிடிக்காமல் உட்கார வேண்டும் என்பது அமெரிக்க ராணுவத்தின் நிபந்தனை. அதற்காகவே கொஞ்சம் இடைவெளி விட்டுச் செய்தார்கள். மண்ணும் சேறும் உள்ளே போனாலும் ஓடுவதற்கு அந்த இடைவெளிதான் உதவியது.

தேய்மானத்தைப் பார்க்க வேண்டிய இடமே வேறு. முதலில் மேகசினைக் (தோட்டாக்களை அடுக்கும் பெட்டி) கழற்றி, சேம்பரில் (சுடப்போகும் தோட்டா உட்காரும் இடம்) தோட்டா இல்லை என்பதைக் கண்ணாலும் விரலாலும் உறுதி செய்யுங்கள். ஸ்லைடை மூடிவிட்டு, தோட்டா வெளியேறும் திறப்பின் வழியே தெரியும் பேரலின் பின்பகுதியைக் கட்டைவிரலால் கீழே அழுத்துங்கள். அசையாமல் நின்றால் நல்லது. அமுங்கி அமுங்கி எழுந்தால் பேரலைப் பூட்டும் பற்களோ அதை ஃபிரேமோடு இணைக்கும் சிறு இணைப்பான லிங்கோ தேய்ந்திருக்கலாம், துப்பாக்கி பழுதுபார்க்கும் கன்ஸ்மித்திடம் காட்டிவிடுங்கள். இந்தச் சோதனையில் தேறிய துப்பாக்கி எவ்வளவு சத்தம் போட்டாலும் நான் கவலைப்படமாட்டேன்.

கேள்வி: இத்தனை பெரிய குண்டைச் சுடும் துப்பாக்கி எப்படி இவ்வளவு காலம் உடையாமல் இருக்கிறது?

குண்டு பெரிது, அழுத்தம் குறைவு. இதில் போடும் 45 ஏ.சி.பி. தோட்டாவின் அழுத்த வரம்பு சதுர அங்குலத்துக்கு 21,000 பவுண்டு. 9 மில்லிமீட்டர் தோட்டாவுக்கு அதுவே 35,000. சுமார் 15 கிராம் எடையுள்ள குண்டு நொடிக்கு 250 மீட்டர் அளவில்தான் போகிறது. அதைத் தாங்குவதற்கு முழுக்க எஃகால் ஆன, 1.1 கிலோ எடையுள்ள உடம்பு. 1911 மார்ச்சில் நடந்த தேர்வில் இதை வடிவமைத்த ஜான் பிரவுனிங்கின் துப்பாக்கி 6,000 ரவுண்டு சுட்டும் ஒருமுறைகூடத் தடுமாறவில்லை. சூடு ஏறியபோது தண்ணீரில் முக்கி எடுத்துச் சுட்டார்கள். அந்த மாதமே அமெரிக்கப் படை இதை ஏற்றுக்கொண்டது. 1985-இல் பெரெட்டா எம்9 தேர்வாகும்வரை இதுதான் அவர்களுடைய நிலையான கைத்துப்பாக்கி.

கேள்வி: அப்படியானால் முதல் உலகப் போர்க்கால எம்1911-ஐயும் (ஏ1-க்கு முந்தைய வடிவம்) தாராளமாகச் சுடலாமா?

கூடாது. அந்தக் காலத்து ஸ்லைடுகளின் எஃகு மென்மையானது. கடினப்படுத்தும் வேலை பிற்பாடுதான் வந்தது. 1920-களில் ஸ்லைடின் முன்பகுதியைக் கடினப்படுத்தத் தொடங்கினார்கள், இரண்டாம் போர்க்காலத்தில் அது இன்னும் மேம்பட்டது. ஆகவே 1918 துப்பாக்கியையும் 1944 துப்பாக்கியையும் ஒரே கணக்கில் வைக்க முடியாது. முன்னதில் தோட்டா வெளியேறும் திறப்பின் மூலைகளில் மயிரிழை போல விரிசல் இருக்கிறதா என்று நல்ல வெளிச்சத்தில், லென்ஸ் வைத்துப் பாருங்கள். விரிசல் இல்லாவிட்டாலும் எப்போதாவது ஒரு மேகசின் சுட்டால் போதும். 'பிளஸ் பி' என்று போட்ட, அழுத்தம் கூடிய தோட்டாக்களை எந்தப் பழைய 45-இலும் போடாதீர்கள். பழைய ஸ்லைடு உடைந்தால், அதே கம்பெனி, அதே காலத்து ஸ்லைடு தேடிக் கிடைப்பது பெரும்பாடு.

கேள்வி: என்னுடையது அடிக்கடி சிக்கிக்கொள்கிறது. துப்பாக்கியின் தரம் குறைவா?

பெரும்பாலும் மேகசின்தான் காரணம். தோட்டாவைப் பிடித்திருக்கும் மேல் உதடுகள் வளைந்திருக்கும், இல்லையென்றால் ஸ்பிரிங் தளர்ந்திருக்கும். நல்ல புது மேகசின் ஒன்று போட்டுப் பாருங்கள். அப்புறம் ரீகாயில் ஸ்பிரிங்கை (பின்னால் போன ஸ்லைடை முன்னால் தள்ளும் சுருள்) மாற்றுங்கள். சில டாலர்தான் ஆகும். தளர்ந்த ஸ்பிரிங்கோடு சுட்டால் ஸ்லைடு பின்னால் வந்து ஃபிரேமில் பலமாக மோதும், உண்மையான சேதம் அங்கிருந்துதான் ஆரம்பம்.

என்ன குண்டு போடுகிறீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. இது உருண்டை முனைக் குண்டுக்காகச் செய்யப்பட்ட துப்பாக்கி. குழிமுனைக் குண்டு சிக்கினால் அதைத் துப்பாக்கியின் குறை என்று சொல்லமாட்டேன். தயவுசெய்து உள்ளே தோட்டாவைச் சேம்பருக்கு ஏற்றிவிடும் சரிவைத் தேய்த்துப் பளபளப்பாக்கப் போகாதீர்கள், குண்டை மாற்றுங்கள். இன்னொன்று: சேம்பரில் நேராக ஒரு தோட்டாவைப் போட்டுவிட்டு ஸ்லைடை அதன்மேல் விடும் பழக்கம் இருந்தால் நிறுத்திவிடுங்கள். இதன் எக்ஸ்ட்ராக்டர் (சுட்ட தோட்டாவின் கூட்டை வெளியே இழுக்கும் கொக்கி) ஒரே துண்டு ஸ்பிரிங் எஃகு. தோட்டாவின் விளிம்பு கீழிருந்து வழுக்கி வந்து அதற்குள் சேர வேண்டும், வெளியிலிருந்து ஏறிக் கவ்வும்படி விட்டால் நாளடைவில் அதன் பிடி தளர்ந்துவிடும்.

கேள்வி: ஐந்து கம்பெனிகளில் யாருடையது தரமானது?

சுடுவதற்கு என்றால் ரெமிங்டன் ராண்ட். தட்டச்சு இயந்திரக் கம்பெனிதான். உதிரிபாகங்கள் ஒன்றோடொன்று பொருந்தவில்லை என்ற புகாரால் 1943-இல் உற்பத்தியை நிறுத்தி, முறைகளைச் சரிசெய்துவிட்டுத் தொடர்ந்தது. போர் முடிவதற்குள் மற்ற எல்லாரையும்விட அதிக எண்ணிக்கையில் செய்து கொடுத்தது. அதன் பிற்காலத் துப்பாக்கிகள் எனக்கு மிகவும் பிடித்தவை. மேல்பூச்சு சொரசொரப்பாக இருக்கும், ஆனால் அளவுகள் துல்லியம். ரயில்வே சிக்னல் செய்த யூனியன் ஸ்விட்சின் வேலைப்பாடும் அருமை. தையல் மெஷின் சிங்கர் செய்தது வெறும் 500. விலை எங்கேயோ இருப்பதால் போலி முத்திரைகளும் உண்டு. நிபுணர் ஒருவர் நேரில் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள்.

கேள்வி: ராணுவத்தின் பழைய துப்பாக்கிகளை விற்கும் அமெரிக்க அமைப்பான சி.எம்.பி.யிடம் வாங்கியதில் ஸ்லைடு ஒரு கம்பெனி, ஃபிரேம் வேறு கம்பெனி. ஏமாந்துவிட்டேனா?

இல்லை. ராணுவக் கிடங்குகளில் நூற்றுக்கணக்கில் கழற்றி, சுத்தம் செய்து, கைக்கு வந்த பாகங்களைப் போட்டுத் திரும்பப் பூட்டினார்கள். ராணுவம் 1945-க்குப் பிறகு புதிதாக வாங்கவே இல்லை, இருந்ததை வைத்து 40 வருஷம் ஓட்டியது. கலந்த பாகங்கள் அந்தச் சேவையின் அடையாளம். சேகரிப்பாளர் விலை குறையும், சுடுவதற்கு ஒரு குறையும் இல்லை.

கேள்வி: பூச்சு மங்கிவிட்டது. புதிதாக நீலப் பூச்சு போடலாமா?

வேண்டாம். போர்க்கால ஏ1-களின் பூச்சு சாம்பல் பச்சை நிறப் பாஸ்பேட். அதைச் சுரண்டிவிட்டுப் பளபளப்பாக்கினால் எழுத்துகளும் ஆய்வாளர் முத்திரையும் மழுங்கும், மதிப்பில் பெரும்பகுதி போய்விடும். எண்ணெய் போட்டுத் துடைத்து வைத்தால் போதும். தோல் உறையில் மட்டும் வைக்காதீர்கள், ஈரத்தை இழுத்துத் துரு ஏற்றிவிடும்.

கேள்வி: லோடு செய்து, ஹேமரை ஏற்றிப் பூட்டி இடுப்பில் வைத்துக்கொள்ளலாமா?

பழைய ராணுவ 45-ஐ அப்படி வைத்துக்கொள்ள நான் சொல்லமாட்டேன். ஃபயரிங் பின்னை (தோட்டாவின் பின்புறத்தைக் குத்தி வெடிக்கவைக்கும் ஊசி) தடுக்கும் அமைப்பு இதில் கிடையாது. கோல்ட் அதைத் தன் 'சீரிஸ் 80' மாடல்களில், 1980-களில்தான் சேர்த்தது. கையில் இருப்பது குழல் தரையில் மோதும்படி உயரத்திலிருந்து விழுந்தால், ட்ரிகரைத் தொடாமலே வெடிக்க வாய்ப்புண்டு. ஃபயரிங் பின் ஸ்பிரிங் பழையதாக இருந்தால் ஆபத்து இன்னும் கூடும், ரீகாயில் ஸ்பிரிங் மாற்றும்போதே அதையும் மாற்றிவிடுங்கள்.